கூப்பிடத் தெரிந்த எஞ்சின்

கடைக்குள் போக எல்லாருக்கும் தெரியும். கடையை விட்டு வெளியே போவதை ஒரு வித்தையாகச் செய்வதை நான் என்னோடு வேலை செய்த அக்காவிடம் மட்டுமே கண்டிருக்கிறேன்.

முதல்முறை கண்டது சுன்னாகம் சந்தையில். கத்தரிக்காயை எடுத்தார், காம்பை நகத்தால் கீறிப் பார்த்தார், விலை கேட்டார். வியாபாரி ஒரு விலை சொன்னார். அக்கா தன் விலையைச் சொன்னார். வியாபாரி சிரித்தார். அக்காவும் சிரித்தார். பிறகு கத்தரிக்காயை எடுத்த இடத்திலேயே பக்குவமாக வைத்துவிட்டு, "சரி அண்ணை, போட்டு வாறன்" என்று நடக்கத் தொடங்கினார். அந்த நடையைத்தான் சொல்ல வேண்டும். வேகமாக நடந்தால் உண்மையாகவே போகிறார் என்று வியாபாரி கைவிட்டுவிடுவார். மெதுவாக நடந்தால் நடிப்பு என்று பிடிபட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு நடை. மூன்றாம் அடியில் கைப்பையைத் திறந்தார். நான்காம் அடியில் அதற்குள் எதையோ தேடினார். ஐந்தாம் அடி வைக்கவும் பின்னால் குரல் வந்தது.

"தங்கச்சி, இஞ்சை வாங்கோ! கொண்டு போங்கோ!"

நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவருக்கு விக்கோணும், எனக்கு வாங்கோணும்" என்றார் அக்கா. "ரெண்டு பேரும் முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டால் பொழுதுதான் போகும். ஆராவது ஒராள் வெளிக்கிடோணும், மற்ற ஆள் கூப்பிடோணும். நான் வெளிக்கிடுவன். அவ்வளவுதான்."

இதைக் கத்தரிக்காயோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது. அக்கா எல்லாவற்றிலும் வெளிக்கிடுவார். சம்பளம் பற்றிக் கதைக்க முதலாளியின் அறைக்குள் போனால், கதவடியில் நின்று கைப்பையைத் திறப்பார். அவரைப் பெண்பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் இரண்டு வீடு இருக்கிறது, இனி உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்று இழுத்தபோது, தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப நான் போட்டு வாறன்" என்று தன் சொந்த வீட்டிலிருந்தே புறப்பட்டுப் போனவர். வாசல் படலைவரை போனாராம். மாப்பிள்ளையின் தாய்தான் கூப்பிட்டாராம். "மாப்பிள்ளை கூப்பிடேல்லை, அதுதான் வேண்டாமெண்டிட்டன்" என்று அக்கா எங்களுக்குச் சொன்னார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. கவலைப்பட்டது நாங்கள்தான்.

நாங்கள் என்றால், நல்லூர்ப் பக்கம் ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் வேலை செய்த ஆறு பேர். விடுதிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது தொழில். நான் நிரல் எழுதுகிறவன். அக்கா சோதிக்கிறவர், அதாவது நாங்கள் எழுதியது எங்கே உடையும் என்று பார்த்துச் சொல்வதற்கே சம்பளம் வாங்கியவர். அளவெட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கையில் எப்போதும் ஒரு பச்சைத் தண்ணீர்ப் போத்தில். எட்டரைக்கு என் பிழைகளைப் பட்டியலிட்டு அனுப்புவார், அதன் அடியில் ஒவ்வொரு முறையும் ஒரே வரி இருக்கும்: "திருத்தியபின் ஒருக்காச் சோதிச்சுப் பார்க்கவும்." நான் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவர் பார்க்கிறாரே, பிறகு நான் ஏன் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை.

கணினி விளையாட்டு ஒன்று செய்யலாம் என்று தொடங்கியது யார் என்பதில் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கதை அக்காவுடையது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாக உவராகிக்கொண்டு வருகின்றன. ஒரு பெண் வாளியும் கயிறுமாக ஊர் ஊராகப் போய், ஆட்களோடு கதைத்து, சாமான் சேர்த்து, வழியில் வருகிற பேய் பிசாசுகளோடு மல்லுக்கட்டி, நல்ல தண்ணீர் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாமே அந்தப் பெண்ணாகி ஆட வேண்டிய விளையாட்டு. கொழும்பில் ஒரு நிறுவனம், அரைமணி நேரம் ஆடக்கூடிய மாதிரி ஒன்றை மூன்று மாதத்துக்குள் அனுப்பினால், தெரிவாகிறவர்களுக்கு ஆறு மாதம் வேறு வேலையில்லாமல் விளையாட்டு மட்டும் செய்ய வசதி தருவதாக அறிவித்திருந்தது. எனக்கு அது வெறும் போட்டி அல்ல. தெல்லிப்பழையில் வெங்காயம் வைக்கிற என் அப்பா, அத்தான் கட்டாரில் பார்த்து வைத்திருந்த வேலைக்கு என்னை ஏற்றிவிட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு மாசம் பொறுப்பன்" என்றார் அப்பா. "உந்த விளையாட்டு சரிவந்தால் இரு. இல்லாட்டி வெளிக்கிடு. வாய் காட்டப்படாது."

ஆகவே விளையாட்டு அல்லது கட்டார். அக்காவிடமும் இதைச் சொன்னேன். "அப்ப முதல்லை நல்ல எஞ்சினாப் பாப்பம்" என்றார்.

விளையாட்டு எஞ்சின் என்பது, விளங்கச் சொன்னால், அடுப்பும் சட்டிபானையும் அம்மியும் ஏற்கெனவே வைத்திருக்கிற வாடகைக் குசினி. சமைக்க வேண்டியது நாங்கள். குசினி சரியாக இல்லாவிட்டால் பாதிச் சமையலில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்கு ஓட வேண்டிவரும். அதனால்தான் உலகம் முழுக்க விளையாட்டுச் செய்ய வெளிக்கிட்டவர்களில் பாதிப்பேர் விளையாட்டைச் செய்யாமல் எஞ்சினைத் தெரிவுசெய்துகொண்டே காலத்தைப் போக்குகிறார்கள். எங்கள் முன்னால் மூன்று இருந்தன. அக்கா அவற்றின் ஆங்கிலப் பெயர்களை ஒருநாளும் சொன்னதில்லை. முதலாவது மாளிகை. இரண்டாவது ரெடிமேட். மூன்றாவது சங்கக்கடை.

மாளிகை பெரிய நிறுவனத்தின் எஞ்சின். எங்கள் அலுவலக இணையத்தில் அதை இறக்க இரண்டு நாள் எடுத்தது. நிறுவியதும் என் மடிக்கணினி சூடாகி, மின்விசிறி கத்தி, பக்கத்து மேசைக்காரர் எழும்பி வந்து பார்த்தார். அதில் மரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக அசைந்தது. எனக்குக் காதல் வந்துவிட்டது. அக்காவோ அதன் ஒப்பந்தத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்தார். அப்படி வாசித்த ஒரேயொரு மனிதரை என் வாழ்க்கையில் கண்டிருக்கிறேன் என்றால் அது அவர்தான்.

"தாங்கள் நினைச்ச நேரம் நிபந்தனையை மாத்துவினமாம்" என்றார். "நல்லது. பாப்பம்."

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் இறக்கிய மாளிகையை ஒரே சொடுக்கில் நீக்கினார். நான் அலறிய அலறலில் முதலாளி அறைக்கதவு திறந்தது. திரையில் ஒரு படிவம் வந்து, ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று கேட்டது. அக்கா என் பக்கம் திரும்பி, "பாத்தீரோ, கேக்கினம்" என்றார். படிவத்தை நிரப்பினார். நிபந்தனையை இடையில் மாற்ற மாட்டோம் என்று எழுதித் தந்தால் திரும்பி வருவதாகவும், தாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து இருவர் என்றும், ஒரு கிழமை காத்திருப்போம் என்றும் எழுதினார்.

ஆறாம் நாள் மின்னஞ்சல் வந்தது. அக்காவின் பெயரைச் சொல்லி, உங்களை நாங்கள் தேடுகிறோம், திரும்பி வாருங்கள் என்று எழுதியிருந்தது. அக்கா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார்.

"கூப்பிட்டிட்டாங்கள்!"

"அக்கா, உது இயந்திரம் அனுப்புறது. எல்லாருக்கும் உதுதான் வரும். உந்த முகவரிக்குப் பதிலும் போடேலாது."

"என்ரை பேர் போட்டல்லோ கிடக்கு?"

பதில் போட முடியாத அந்த முகவரிக்கு அக்கா பதில் போட்டார். அது திரும்பி வந்தது. மீண்டும் போட்டார். அன்று பின்னேரம் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. "கூப்பிட்டுப்போட்டுக் கடையைப் பூட்டுற ஆக்களோடை என்ன வியாபாரம்?" என்றார். மாளிகை அத்தோடு முடிந்தது.

ரெடிமேட் என்பது நாங்கள் செய்ய இருந்த வகை விளையாட்டுக்கென்றே தைத்து வைத்த எஞ்சின். வரைபடம், சண்டை, கதாநாயகியின் சாமான் பை, ஆட்டத்தைச் சேமிக்கிற வசதி எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கதையை ஊற்றினால் போதும். அதில் இரண்டு குறை. தமிழ் எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நின்றன. அதைக்கூட அக்கா பொறுத்திருப்பார். பொறுக்காதது கடை. கதாநாயகி கடைக்காரியிடம் போனால் ஒரு பட்டியல் திறக்கும். வாளி, கயிறு, விளக்கு. பக்கத்தில் விலை. அழுத்தினால் பைக்குள் வந்துவிடும்.

"உது கடையோ?" என்றார் அக்கா. "உது சாப்பாட்டுக் கடை விலைமட்டை."

எங்கள் எஞ்சினுக்கான தேர்வை அக்கா அன்றைக்கே நிர்ணயித்துவிட்டார். கதாநாயகி ஒரு வியாபாரியிடம் விலை கேட்க வேண்டும், வேண்டாம் என்று நடக்க வேண்டும், ஐந்தாம் அடியில் வியாபாரி கூப்பிட வேண்டும். இந்த ஒரு காட்சியை ஒழுங்காகச் செய்யவிடுகிற எஞ்சின்தான் எங்கள் எஞ்சின். நான் சண்டைக்காட்சி, வேகம், வரைகலை என்று நான்கு பக்கத்தில் ஒப்பீட்டு அட்டவணை போட்டு வைத்திருந்தேன். அக்கா அதன் பின்பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்களின் பெயர் எழுதினார்.

மூன்றாவது சங்கக்கடை. ஊர்க் கூட்டுறவுக் கடைபோல யாருடையதும் இல்லை, எல்லாருடையதும். இலவசம். உள்ளே எல்லாம் இருக்கும், ஆனால் எந்தத் தட்டில் என்று நாங்களே தேட வேண்டும். இல்லாததை நாங்களே செய்ய வேண்டும். தமிழ் எழுத்து பிசகாமல் நின்றது. கேள்வி இருந்தால் அவர்களின் இணைய மன்றத்தில் கேட்கலாம். அக்கா கேட்டார்: விளையாடுபவர் ஐந்தடி நடந்தபின் வியாபாரி கூப்பிட்டு விலையைக் குறைக்க வேண்டும், எப்படி? யாரோ ஒருவர், பெயருக்குப் பதில் எழுத்தும் இலக்கமுமாக இருந்தவர், இது எதற்கு, ஒரு பட்டியல் போட்டால் போதுமே என்று பதில் எழுதினார். அக்கா, "நன்றி, அப்படியென்றால் நாங்கள் வேறு எஞ்சினுக்குப் போகிறோம்" என்று எழுதிவிட்டுக் கணினியை மூடினார். மறுநாள் காலை அவர் திறந்தபோது அந்த இலக்கக்காரர் ஒரு முழு உதாரணமே செய்து அனுப்பியிருந்தார். ஒரு வெற்று வெளியில் வியாபாரியாக ஒரு வாத்து. விலையைக் கேட்டு விலகி நடந்தால் ஐந்தாம் அடியில் வாத்து கத்தும். அதோடு ஒரு குறிப்பு: போகாதீர்கள், இது சரியா என்று பாருங்கள்.

அக்கா அந்த வாத்தைப் பத்துப் பன்னிரண்டு தரம் விலகி நடந்து பார்த்தார். ஒவ்வொரு தரமும் அது கத்தியது. அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர்.

"எங்கையோ இருக்கிற மனிசன். எங்களைத் தெரியாது. கூப்பிட்டான் எல்லே?" என்றார். "உதுதான் எஞ்சின்."

தெரிவு முடிந்தது. இரண்டு பேரும் செய்கிற வேலையை இணையத்தில் ஒரு பொது இடத்தில் போட்டு வைப்பது என்று ஏற்பாடு. ஒருவர் மாற்றினால் மற்றவர் இழுத்து எடுத்துக்கொள்ளலாம். அக்கா சந்தைக் காட்சியில் இறங்கினார். நான் வியாபாரியை வரைந்து தரும்வரை வாத்தே இருக்கட்டும் என்றார். அளவெட்டியில் பக்கத்து வீட்டு நாதஸ்வரக்காரரிடம் சண்டைக்கு ஒரு துண்டு வாசித்துத் தரச்சொல்லிக் கேட்டிருந்தார். கோயிலில் வாசிக்கிற வாத்தியத்தைப் பேய்க்கு வாசிப்பதோ என்று அவர் மறுத்ததும் அக்கா எழும்பினார். வேலி தாண்டமுன் அவர் கூப்பிட்டு, எந்தப் பேய், எவ்வளவு பெரிய பேய் என்று விபரம் கேட்டாராம். அந்தப் பதிவு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. கேட்டால் பேய் ஓடாது, நின்று தலையாட்டும்.

இவ்வளவு சந்தோசமாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவன் நான்.

சங்கக்கடையில் எல்லாவற்றையும் நாங்களே செய்ய வேண்டியிருந்தது. பை செய்ய ஒரு கிழமை. சேமிக்கிற வசதி செய்ய ஒரு கிழமை, அதுவும் இரண்டாம் தரம் சேமித்தால் முதலாவதைத் தின்றுவிடும். நாட்காட்டியைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்குக் கட்டார் வெயில் அடித்தது. அக்காவுக்குச் சொல்லாமல் நான் வீட்டில் ரெடிமேட்டைத் திறந்தேன். எழுத்துப் பிரச்சினைக்கு ஒரு குறுக்குவழி கண்டேன்: ஒவ்வொரு வசனத்தையும் படமாக்கி ஒட்டுவது. கோமாளி வேலைதான். ஒரு சொல் மாறினால் படம் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும். ஆனால் ஐந்து கிழமையில் மூன்று ஊர் எழும்பிவிட்டது.

கடைசித் திகதிக்கு மூன்று கிழமை இருக்க, ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது காட்டினேன்.

"அக்கா, ஒண்டு காட்டோணும். கோவிக்கப்படாது."

அக்கா விளையாடினார். முதலாம் ஊர், இரண்டாம் ஊர், சண்டை ஒன்று. கடைக்குப் போனார். பட்டியல் திறந்தது.

"கடைக்காரி எங்கை?"

"உதிலை மூலையிலை நிக்கிறா. படம் சின்னன்."

"நான் வேண்டாமெண்டால் என்ன செய்வா?"

"பட்டியல் மூடும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அக்கா சுட்டியிலிருந்து கையை எடுத்தார். "எத்தினை நாளா உதைச் செய்யிறீர்?"

"அஞ்சு கிழமை. சொன்னால் விட்டிருப்பியளே? உங்கடை சங்கக்கடையிலை ஒரு சந்தையும் ஒரு வாத்தும்தான் கிடக்கு. இதிலை மூண்டு ஊர் இருக்கு, சண்டை இருக்கு, சேமிக்கிறது இருக்கு. அரைமணித்தியாலம் ஓடும். எனக்குக் கட்டாருக்குப் போகேலாது அக்கா."

"ஓம், மூண்டு ஊர் இருக்கு" என்றார். "மூண்டு ஊரிலையும் ஒருத்தரும் ஒருத்தரைக் கூப்பிடேல்லை."

அக்கா ஹெல்மெட்டை எடுத்தார்.

"அப்ப நீர் உதையே அனுப்பும். நான் போட்டு வாறன்."

இந்த இடத்தில் ஒரு முருங்கைக்காய்க்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுன்னாகம் சந்தையில் அக்காவைத் தோற்கடித்த ஒரே ஆள் அவர். அக்கா ஐந்தடி போனார், பத்தடி போனார், பேருந்து நிலையம்வரை போனார். அந்தம்மா தலை நிமிர்த்தவில்லை. கடைசியில் அக்கா தானே திரும்பிப் போய்ச் சொன்ன விலைக்கு வாங்கி வந்தார். "அவவுக்கு விக்கோணுமெண்டு இல்லைத் தம்பி. அப்பிடிப்பட்ட ஆக்களை வெல்லேலாது" என்றார், ஒரு மரியாதையோடு. எனக்கு அது நன்றாக மனதில் பதிந்திருந்தது. அன்றைக்கு நான் முருங்கைக்காய்க்காரியாக இருப்பது என்று முடிவெடுத்தேன்.

அக்கா மாடிப்படி இறங்கினார். நான் யன்னலடியில் நின்றேன். கீழே அவர் கைப்பையைத் திறந்து ஸ்கூட்டித் திறப்பைத் தேடினார்; திறப்பு அவர் கையிலேயே இருந்ததை நான் மேலிருந்து கண்டேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஸ்கூட்டிக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். இருக்கையைத் துடைத்தார். மற்றக் கண்ணாடியையும் துடைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக மேலே ஏறி வந்து வாசலில் நின்றார்.

"என்ரை போத்திலை விட்டிட்டன்."

"அங்கை மேசையிலை இருக்கு" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முருங்கைக்காய்க்காரிகூட அப்படிச் செய்திருக்க மாட்டார். அக்கா போத்திலை எடுத்தார், சற்று நின்றார், போனார். இம்முறை திறப்பைத் தேடவில்லை. ஸ்கூட்டி ஒழுங்கை தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. திங்கட்கிழமை வருவார், நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நாலு வசனத்தைப் படமாக்கினேன்.

திங்கட்கிழமை விடுமுறைக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் கொழும்பில் வேலை என்று கேள்விப்பட்டேன். நான் கூப்பிடவில்லை. முதல் கிழமை கர்வம், பிறகு வெட்கம், பிறகு இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு என்ற பிரச்சினை. மாதிரியை நானே அனுப்பினேன். நேர்முகத்தில் ஒரு பெண்மணி, இது எந்த ஊரில் நடக்கிற கதை என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அவர் இன்னொரு தரம் திரையைப் பார்த்தார். "அது எங்கே தெரிகிறது?" என்றார், மிகவும் பண்பாக. அதற்கு என்னிடம் படமாக்கிய வசனம் எதுவும் இருக்கவில்லை.

தெரிவாகவில்லை; கட்டாருக்குப் போனேன். அங்கே வெயில் நான் நினைத்ததைவிட மோசம், சாப்பாடு நினைத்ததைவிடப் பரவாயில்லை. இரண்டரை வருடத்தில் ஒப்பந்தம் முடிந்து இந்த வருடம் வந்து சேர்ந்தேன். புதிய வேலைக்கு விண்ணப்பிக்கப் பழைய மாதிரிகளைத் தேடியபோது, அக்காவும் நானும் பகிர்ந்த அந்தப் பொது இடத்தின் முகவரி கிடைத்தது. ஐந்து கிழமை நான் ரெடிமேட்டில் கிடந்தபோதும் அதைத் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை. இப்போது திறந்தால், கடைசி மாற்றம் அக்கா செய்தது. திகதியையும் நேரத்தையும் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை. அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிராது. அதன் கீழே வழமையான வரி: ஒருக்காச் சோதிச்சுப் பார்க்கவும்.

இழுத்து எடுத்து ஓடவிட்டேன். சந்தை வந்தது. நடுவில் வாத்து, முருங்கைக்காய்களோடு இருந்தது. கதாநாயகி விலை கேட்டாள், வேண்டாம் என்றாள். நான் அவளை நடக்கவிட்டேன். ஐந்தடி. வாத்து கூப்பிடவில்லை. பத்தடி போனேன். நிரலில் ஏதோ பிழை என்று நினைத்தேன்; பட்டியல் போட வேண்டும்போல் கைகூட ஊறியது. சந்தை வாசல்வரை போனேன். வெளியே காலை வைக்கப் போகும்போது பின்னால் தடதடவென்று சத்தம். வாத்து ஓடி வருகிறது. அலகில் ஒரு பச்சைப் போத்தில். மேலே ஒரு கொம்பும் பிசகாத அழகான தமிழில் வசனம்:

"அக்கா! போத்திலை விட்டிட்டுப் போறியள்! நில்லுங்கோ, உங்கடை விலைக்கே எடுங்கோ."

அந்த வாத்து நான்தான் என்பது விளங்க எனக்கு இரண்டாம் தரமும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. விளங்கியதும் நன்றாக அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. அப்பா வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்து, என்ன, வேலை கிடைக்கேல்லையோ என்று கேட்டார்.

அக்காவின் பழைய தொலைபேசி இலக்கத்துக்கே ஒரு செய்தி அனுப்பினேன். "அக்கா, சோதிச்சுப் பாத்தன். வாத்து சரியா ஓடுது. சங்கக்கடையிலேயே செய்வம். வாங்கோ."

வாசித்துவிட்டார் என்று காட்டியது. பிறகு பதில் வந்தது: "இப்ப வேலை கூடத் தம்பி. பேந்து பாப்பம். போட்டு வாறன்." இணைப்பில் இருக்கிறார் என்று காட்டுகிற குறி அணைந்தது.

முன்னைய நானாக இருந்தால் சரி, அவருக்கு விருப்பமில்லை என்று தொலைபேசியைக் கீழே வைத்திருப்பேன். இம்முறை ஒரு கணமும் யோசிக்காமல் இலக்கத்தை அழுத்தினேன். இரண்டாம் மணியில் எடுத்தார். அந்தப் பக்கம் கைப்பையின் ஸிப் இழுபடுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்ன காணும்" என்றார் அக்கா, "இவ்வளவு கெதியாக் கூப்பிடுறீர்? நான் இன்னும் அஞ்சடிகூடப் போகேல்லை."